கமலை மார்க் துண்டும் ஒரு சத்தியமும்

சங்கரன்கோவிலில் நான் வக்கீல் போர்டு மாட்டிய காலத்தில் அந்த ஊரில் கம்பெனிக்குக் குறைச்சலே கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, வாசலில் தகரப் பலகையில் பெயர் எழுதி மாட்டினால் அது கம்பெனி. மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால் பெரிய கம்பெனி. ஒற்றுமையாக இருக்கும்வரை, வக்கீல் என்று ஒருவன் ஊரில் இருப்பதே இவர்கள் கண்ணில் படாது. "கூட்டு வியாபாரத்துக்கு ஒரு பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று நானாகச் சொன்னால், "எங்களுக்குள்ள எதுக்கு வக்கீலையா பத்திரம்?" என்று சிரிப்பார்கள். பிரிகிற அன்றைக்குத்தான் வருவார்கள். ஒருவர் காலையில் வந்தால் மற்றவர் சாயங்காலம் வருவார். இரண்டு பேருக்கும் நானே வக்கீலாக இருந்தால் செலவு மிச்சம் என்று யோசனை சொன்ன புண்ணியவான்களும் உண்டு.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் சத்தமும் கூடவே வரும். "கட்சிக்காரங்கள வெரட்டுததுக்கா போர்டு மாட்டி வச்சிருக்கீக?" என்று என் மனைவி கேட்பாள். ஆனாலும் அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சத்தம் போடுகிற வக்கீல் ஜட்ஜிடமும் அப்படித்தான் சத்தம் போடுவான் என்று நம்பினார்களோ என்னவோ. ஜட்ஜுக்கு முன்னால் நான் எவ்வளவு அடக்க ஒடுக்கமானவன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்படி வந்தவர்களில் ஒருவர் ஜவுளி வியாபாரி. வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு மாதாகோயிலுக்குப் போகிறவர். நாடு சுதந்திரமடைந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கையில் ஒரு துண்டோடு வந்தார். மேசையில் விரித்து, ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். ஒரு கிணறு, அதன் மேல் தண்ணீர் இறைக்கிற கமலை, கமலை இழுக்கிற இரண்டு மாடு, பின்னால் வடக்கயிற்றில் உட்கார்ந்திருக்கிற ஆள். சிவப்பும் பச்சையுமாக அச்சடித்த லேபிள்.

"இது என் லேபிளு வக்கீலையா. இத இப்ப அண்ணாச்சி ஒட்டி விக்காக" என்றார்.

அண்ணாச்சி என்று அவர் சொன்னது அவருடைய பழைய கூட்டாளியை. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் நிலபுலன் வைத்து விவசாயம் செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை அவர். வானம் பார்த்த பூமியை நம்பிப் பிரயோசனமில்லை என்று டவுனுக்கு வந்து தறி போட்டவர். இரண்டு பேரும் சேர்ந்து பத்து வருஷம் துண்டு வியாபாரம் செய்தார்கள். அவர் தறிகளைக் கவனித்தார், இவர் சந்தை சந்தையாகத் துண்டுக் கட்டைக் கொண்டு போனார். யுத்த காலத்தில் நூலுக்கு அலைந்தபோதும் சேர்ந்தே அலைந்தார்கள். கமலை மார்க் துண்டு என்றால் அந்தப் பக்கத்துச் சம்சாரிகளுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கிணற்றையும் மாட்டையும் பார்த்தே வாங்குவார்கள்.

பிறகு பிரிந்தார்கள். சண்டை போட்டுப் பிரியவில்லை. அவர் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், இவர் மச்சினன் கடைக்கு வந்துவிட்டான், அவ்வளவுதான். தறிகளும் நூல் லைசென்ஸும் அவருக்கு. கடையும் வாடிக்கையும் இவருக்கு; துண்டை இவர் வெளித் தறிகாரர்களிடம் வாங்கிக்கொள்வார். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். லேபிளைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி கிடையாது.

"ஏன் எழுதலை?" என்று கேட்டேன்.

"படத்த யாராவது பங்கு வச்சு எழுதுவாகளா வக்கீலையா? கையெழுத்துப் போட்டு முடிச்சிட்டு, 'லேபிள நீரே வச்சுக்கிடும் வே, சந்தையில அலஞ்சது நீருதான'ன்னு அண்ணாச்சியே சொன்னாக. கடைக்குள்ள வச்சுச் சொன்னாக."

"யார் கேட்டது?"

"நான்தான் கேட்டேன்."

"வேறே யார் இருந்தா?"

"வேற யாரும் இல்ல. நாங்க ரெண்டு பேருந்தான்."

இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். தறிக்கு இருக்கிற நாடா, ஊடு கட்டை, பழைய தராசு உட்பட ஒவ்வொன்றையும் எழுதி வைத்தவர்கள், எதை வைத்துப் பிழைக்கிறார்களோ அதை வாய்வார்த்தையில் விட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, வேறு படம் ஒட்டிய அண்ணாச்சியின் துண்டு சந்தையில் நகரவில்லை. மறுபடியும் கமலையை அச்சடித்து ஒட்ட ஆரம்பித்துவிட்டார். இரண்டு கமலை ஒரே சந்தையில். இவருடைய வியாபாரம் பாதியாகிவிட்டது. லேபிள் போனால் கடையை மூடிவிட்டு யாருக்காவது கணக்கு எழுதப் போக வேண்டியதுதான் என்றார். அதைச் சொல்லும்போதும் அண்ணாச்சியை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.

திருநெல்வேலியில் ஜில்லா கோர்ட்டில் பிராது போட்டேன். அண்ணாச்சியின் வக்கீல் பதில் போட்டார். லேபிள் பிரதிவாதியின் யோசனையில் உண்டானது, தறியோடு சேர்ந்தது, வாதியிடம் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று ஐந்து பக்கம். கீழே அண்ணாச்சியின் கையெழுத்து இருந்தது. மேலே கண்டவை யாவும் உண்மை என்கிற வரிக்கு அடியில்.

ஒன்றரை வருஷம் வாய்தா வாய்தாவாக நடந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது என்னவென்றால், வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே பஸ்ஸில் போவார்கள். ஒருநாள் பஸ்ஸில் இடமில்லாமல் அண்ணாச்சி நின்றுகொண்டு வந்தபோது இவர் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். "எதிர்க்கட்சிக்காரருக்கு எதுக்குவே இடம் கொடுத்தீரு?" என்று கத்தினேன். "முழங்கால் வலி அவுகளுக்கு" என்றார். நான் கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விசாரணை வந்தது. என் கட்சிக்காரர் கூண்டில் ஏறினார். அந்தப் பக்கத்து வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். நீர் சொல்கிற வாக்குக்கு எழுத்து உண்டா? இல்லை. சாட்சி உண்டா? இல்லை. அப்படியானால் நீர் சொல்வது பொய்தானே? அதற்குப் பதில் சொல்லாமல் என் கட்சிக்காரர் ஜட்ஜைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஐயா, அண்ணாச்சி அவுக குலதெய்வத்துக்கு முன்னால நின்னு சொல்லட்டும். அன்னைக்கு லேபிள எனக்குன்னு சொன்னாகளா சொல்லலையான்னு. சொன்னேன்னு சொன்னாலும் சரி, சொல்லலைன்னு சொன்னாலும் சரி, நான் கட்டுப்படுதேன்."

அந்தக் காலத்துச் சட்டத்தில் அப்படி ஒரு வழி உண்டு. ஒரு கட்சி, எதிராளியின் சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று சொல்லலாம். எதிராளி சம்மதித்தால் கோர்ட்டே ஒரு கமிஷனரை அனுப்பி, கோயிலிலோ மாதாகோயிலிலோ வைத்து அதை வாங்கும். அப்புறம் அந்தச் சத்தியத்துக்கு மேலே சாட்சியும் இல்லை, வாதமும் இல்லை. வயசான வக்கீல்கள் கதையாகச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். என் கேஸில் அது வந்து விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்டவர் வேதக்காரர், கேட்டது அடுத்தவர் சாமியின் பேரில்.

ஜட்ஜ் அண்ணாச்சியைப் பார்த்தார். "உமக்குச் சம்மதமா?" அண்ணாச்சி மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "சம்மதந்தான்" என்றார். அவருடைய வக்கீலுக்கு வாயெல்லாம் பல். ஜெயித்தாகிவிட்டது என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் அதே நினைப்புத்தான்.

வெளியே வந்ததும் வராந்தாவில் வைத்தே பிடித்துக்கொண்டேன். "என்னய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாவே? வக்கீல் எதுக்கு, பஸ் டிக்கெட் எடுக்கவா?"

அவர் கோபிக்கவில்லை. "பத்து வருசமா பங்குனி உத்திரத்துக்கு அவுககூட அந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கேன் வக்கீலையா. நான் தூரமா வேப்பமரத்தடியில உக்காந்திருப்பேன். பொங்கச் சோறு எனக்கு ஒரு இலையில வந்துரும். அவுக கும்பிடுதத பாத்திருக்கேன். கோர்ட்டுல என்னமும் எழுதியிருக்கட்டும். அங்கன அவுக வாயில பொய் வராது" என்றார்.

அந்த முகத்தில் சந்தேகம் என்று ஒரு துளி இல்லை.

குறித்த நாளில் மேலநீலிதநல்லூருக்குப் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஒரு மாட்டு வண்டி பிடித்தோம், நானும் என் கட்சிக்காரரும் மட்டும். கமிஷனர், திருநெல்வேலியிலிருந்து வந்த மூத்த வக்கீல், முன்னாலேயே போயிருந்தார். கரிசல் காட்டுக்குள் வண்டி ஆடி ஆடிப் போனது. வழியெல்லாம் அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். புது லேபிள் எத்தனை அடிக்க வேண்டும், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எத்தனை கட்டு துண்டு வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தீர்ப்பு நாளுக்கு முன்னால், தோற்றுப் போவோம் என்று கட்சிக்காரரிடம் சொல்லி வைத்துவிடுவேன். ஜெயித்தால் இரட்டிப்புச் சந்தோஷம், தோற்றால் என் மேல் பழி இல்லை. தொழிலில் கற்றுக்கொண்ட தந்திரம். அன்றைக்கும் அதைச் செய்தேன்.

"மனசைத் திடப்படுத்திக்கிடும். அவரு சொல்லலைன்னுதான் சொல்லப் போறாரு. ஒன்றரை வருஷமா எழுத்துல சொன்னத ஒரு சூடத்துக்காக மாத்துவாரா? மாத்துனா அவரு தொழில் என்ன ஆகும்? பொய்ச் சத்தியம் பண்ணிட்டுப் போயிருவாரு, பாத்துக்கிடும்."

அவர் பேச்சு நின்றுபோனது. கொஞ்ச தூரம் போன பிறகு, "நிசமாவா சொல்லுதீக?" என்றார்.

"முப்பது சத்தியம் பாத்திருக்கேன் வே" என்றேன். ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

"அந்தச் சாமிகிட்ட பொய் சொன்னா பிள்ளைகளுக்குல்லா ஆகாதும்பாக."

"அது அவரு பாடு" என்றேன்.

கோயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடைக்கரையில் ஒரு சின்னக் கட்டடம், வெளியே வெட்டவெளியில் சுண்ணாம்பு பூசிய மண் பீடங்கள், இரண்டு வேப்பமரம். அண்ணாச்சி கிணற்றில் தலை முழுகி ஈர வேட்டியோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. சற்றுத் தள்ளிப் பாதையில் ஒரு வில்வண்டி நின்றது. அதற்குள் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தவள், நிறைமாசம். அந்த நிலைமையில் பீடத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று வண்டியிலேயே வைத்திருந்தார்கள்.

பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தீரா, ஊரு நம்பணும்னு வயித்துப் பிள்ளைக்காரியைக் கூட்டிட்டு வந்திருக்காரு" என்று என் கட்சிக்காரர் காதில் சொன்னேன். அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சின்னதாக இருக்கும்போது சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டவர் அவர்தான். அவள் அங்கிருந்து, "மாமா, வாங்க" என்று கையசைத்தாள். கேஸ் நடப்பது அவளுக்குத் தெரியாதா, தெரிந்துதான் கூப்பிட்டாளா, எனக்குத் தெரியாது. இவர் கையை உயர்த்தினார், பாதியில் கீழே போட்டுவிட்டார்.

கமிஷனர் கோர்ட் உத்தரவை வாசித்தார். பிறகு கேள்வியை வாசித்தார். "கூட்டு வியாபாரம் பிரிந்த அன்று, கமலை லேபிளை வாதியே வைத்துக்கொள்ளலாம் என்று நீர் சொன்னீரா, சொல்லவில்லையா? சொன்னேன் அல்லது சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுச் சூடத்தை அணைக்கவும்." பூசாரி தட்டில் ஒரு கட்டிச் சூடத்தை ஏற்றி அண்ணாச்சி முன்னால் நீட்டினார். அண்ணாச்சி பீடத்தைப் பார்த்து நின்றார். வலது கையைத் தூக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டி வரைக்கும் கேட்கிற சத்தத்தில், "சாஸ்தாவே, உன் முன்னால சொல்லுதேன். அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி! சொல்லாதீக!"

என் பக்கத்தில் நின்றிருந்த மனுஷர் எப்போது ஓடினார் என்றே தெரியவில்லை. வேப்பமரத்தைத் தாண்டி அந்தக் கோயில் பக்கம் பத்து வருஷமாக ஒரு எட்டு வைக்காதவர், செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய், எரிகிற சூடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டார். "லேபிளு உங்களுக்கே. நான் விட்டுட்டேன். பிள்ளைய வச்சுக்கிட்டு வேண்டாம் அண்ணாச்சி, சத்தியம் வேண்டாம்."

அண்ணாச்சியின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மெதுவாக, "என்னவே இப்பிடிப் பண்ணீட்டீரு?" என்று கேட்டார். சந்தோஷத்தில் வார்த்தை வராமல் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

கமிஷனர் சட்டத்தை விட்டு அணுவளவும் நகராதவர். "வாதி தன் பாத்தியதையை விட்டுவிடுகிறாரா? எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார். நான் தடுத்தேன், கெஞ்சினேன், கடைசியில் கெட்ட வார்த்தைகூடச் சொல்லிவிட்டேன் என்று ஞாபகம். வெந்த கையில் பேனா பிடிக்க முடியாமல் இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேஸ் தள்ளுபடியாயிற்று. திரும்பி வரும்போது வண்டியில் அவர் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மனசு என்று ஒரு பக்கம் தோன்றியது, மடத்தனம் என்று ஒரு பக்கம் தோன்றியது. அன்றைக்கு மடத்தனம் என்பதே மேலோங்கி நின்றது.

அந்த வருஷம் ஆடித்தபசுக் கூட்டத்தில் அவர் கடைக்குப் போனேன். மயில் படம் போட்டுப் புது லேபிள் ஒட்டித் துண்டை அடுக்கி வைத்திருந்தார். இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரிகள் இரண்டு பேர் வந்து துண்டைத் தடவிப் பார்த்தார்கள். "கமலை இல்லையா?" என்று கேட்டார்கள். "அதே தறிகாரங்கிட்ட வாங்குன துண்டுதான்" என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவர்கள் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊரே வாங்குகிற அந்த நாளில் அவர் கடையில் அடுக்கு குறையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் அதைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

தபசு முடிந்து ஒரு வாரம் இருக்கும். என் ஆபீஸ் வாசலில் அண்ணாச்சி வந்து நின்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து உட்கார்ந்தார்.

"ஒரு மனு எழுதணும் வக்கீலையா. நான் அந்தச் சத்தியத்தப் பண்ணணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜெயிச்சிட்டீரே, இனி எதுக்குவே சத்தியம்? உம்ம வக்கீல்கிட்ட போகக்கூடாதா?"

"அவருகிட்ட போனேன். நீரு சிரிச்ச மாதிரிதான் அவரும் சிரிச்சாரு" என்றார். "தீர்ப்பு எனக்கு வேண்டாம். ஊருல என்ன பேசுதான் தெரியுமா? 'அவன் பொய்ச் சத்தியம் பண்ணப் போனான், அந்த வேதக்காரரு பாவம் பாத்து நிப்பாட்டிட்டாரு'ங்கான். சம்பந்தி வீட்டுல கேக்காக. அதுகூடப் போகட்டும். என் பொண்டாட்டி ஒரு வார்த்தை கேக்கல. 'என்ன சொல்லப் போனீக'ன்னு கேட்டா சொல்லலாம்லா? கேக்கவே மாட்டேங்கா."

"என்ன சொல்லப் போனீரு?" என்று நான் கேட்டேன்.

"சொன்னேன்னு சொல்லப் போனேன். லேபிள அவருக்குன்னு நாந்தான் சொன்னேன். கடைக்குள்ள வச்சுச் சொன்னேன். மக கேக்கணும்னுதான் வண்டியில கூட்டிட்டு வந்தேன். அப்பன் தப்புப் பண்ணீட்டு அத நேராக்குதத அவ பாக்கணும்னு நெனச்சேன்."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்போ ஒன்றரை வருஷமா கோர்ட்டுல சொல்லலை சொல்லலைன்னு சாதிச்சீரே, அது என்ன?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "அது கேஸு வக்கீலையா. வக்கீலு எழுதுனாரு, நான் கையெழுத்துப் போட்டேன். அது வக்கீலு வார்த்தை. கேஸுன்னா ரெண்டு பக்கமும் அப்பிடித்தான எழுதுவாக? தறி ஓடல, வீட்டுல மக கல்யாணம், புத்தி கெட்டுப் போச்சு, கேஸ நடத்துனேன். ஆனா அங்கன போய் நின்னு சொன்னா அது என் வார்த்தைல்லா?"

என் தொழிலைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த மனுஷர் வேண்டுமென்று பொய்க் கேஸ் நடத்தவில்லை. கோர்ட்டில் சொல்வதைப் பொய் என்றே அவர் நினைக்கவில்லை. அப்படித்தான் அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் நினைத்தார்கள். நாங்கள்தான் நினைக்க வைத்திருந்தோம்.

ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் யோசித்தது வேறு. எல்லாம் முடிந்த பிறகு இப்படிச் சொல்வது சுலபம்தானே என்று யோசித்தேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பாத்தீரா? நீரும் நம்பல" என்றார். "அன்னைக்கு ஒரு நிமிசம் விட்டிருந்தா நம்பியிருப்பீரு."

விட்டுப்போன சத்தியத்தை மறுபடி செய்ய எந்தச் சட்டத்திலும் வழி இல்லை என்று மட்டும் விளக்கினேன். கேஸ் தள்ளுபடியானது ஆனதுதான். "லேபிளை அவருக்கே மாற்றி எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பத்திரம் உண்டு" என்றேன். உடனே எழுதச் சொன்னார். ஆனால், பிரிந்த அன்றைக்கே வாக்குக் கொடுத்தேன் என்கிற வரி அதில் இருக்க வேண்டும் என்றார். அதை எழுதினால் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும், வம்பு வரும் என்று சொல்லி நான் எழுதவில்லை. மனப்பூர்வமாக மாற்றிக் கொடுப்பதாக மட்டும் எழுதினேன்.

அவர் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அங்கன அவரு என் வாயப் பொத்துனாரு. இங்கன நீரு பொத்துதீரு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் பதிய ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு மூன்று பேரும் போனோம். லேபிள் திரும்பி வருகிறது என்று நான் சொல்லி அனுப்பியிருந்ததால், என் கட்சிக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளங்கையில் சூடம் சுட்ட தடம் காய்ந்து கறுத்திருந்தது. அண்ணாச்சியைப் பார்த்ததும் அழுதுவிட்டார். கூட்டம் இருந்ததால் எங்கள் முறை வரும்வரை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும்.

அண்ணாச்சிதான் பேச்சை எடுத்தார். "அன்னைக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னு தெரியுமாவே? சொன்னேன்னு சொல்லத்தான் வந்தேன்."

என் கட்சிக்காரர் அவரைப் பார்த்தார். ஒரு விநாடிகூட ஆகவில்லை. "ஐயையோ, கெடுத்துட்டேனே அண்ணாச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிக்காத நம்பிக்கை அவருக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. அண்ணாச்சியின் முகம் கொஞ்சம் இளகியது. அந்த ஒரு மனுஷராவது நம்பினார்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. "பத்து வருசம் கூட இருந்தீரு. என் சாமி முன்னால நான் பொய் சொல்லுவேன்னு எப்பிடிவே நெனச்சீரு? நீரா நெனச்சீரா? யாரும் சொன்னாகளா?"

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. யாரோ சொன்னார்கள் என்று இவர் சொல்லிவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஒரு வக்கீல் சொன்னான் என்று கேட்டிருந்தால், வக்கீல் வார்த்தைதானே என்று சிரித்துத் தள்ளியிருப்பார். அடுத்த பங்குனி உத்திரத்துக்கு இரண்டு பேரும் மறுபடி சேர்ந்து போயிருப்பார்கள். என் கட்சிக்காரர் அண்ணாச்சியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொல்வதற்கு எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஊரில் நாலு கம்பெனிக்கு நான் வக்கீல். வராந்தாவில் தெரிந்த முகங்கள் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் கையில் இருந்த பத்திரத்தைப் புரட்டினேன்.

"யாரும் சொல்லல அண்ணாச்சி" என்றார் என் கட்சிக்காரர். "எனக்கேதான் தோணிச்சு."

அண்ணாச்சி மெதுவாகத் தலையாட்டினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பஸ் ஏறி நான் பார்க்கவில்லை. உள்ளே இருந்து எங்கள் பத்திரத்தின் நம்பரைக் கூப்பிட்டார்கள். "வாங்க, நம்ம முறை வந்துட்டுது" என்று நான்தான் முதலில் எழுந்தேன்.